கதவுக்கு வெளியே கேட்ட பியானோ

எங்கள் வியன்னாவில் ஒருவருக்குச் சங்கீத ரசனை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கச்சேரியின் நடுவில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். தூங்கினால் வருஷச் சீட்டு எடுத்த சந்தாதாரர். இருமினால் சந்தாதாரரின் மனைவி. இரண்டும் இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு யாராவது நின்றால் அது போல்டி ஸாவ்ரெல். ஆனால் அவளை மண்டபத்துக்கு உள்ளே தேடக் கூடாது. அவள் வெளியே, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கிற கோட்டறையில் இருப்பாள்.

ரசனை ஒரு பூ மாதிரி மெல்ல மலர்கிறது என்று வானொலியில் நெய் தடவிய குரலில் ஒருவர் வாராவாரம் சொல்கிறார். போல்டிக்கு அது கொப்புளம் மாதிரி வளர்ந்தது. இருபத்தேழு வருஷம்.

ப்ருன்னன் சந்தையில் புளித்த முட்டைக்கோஸ் விற்றவளின் மகள் அவள். 1971 அக்டோபரில், இருபத்து நான்கு வயதில், எங்கள் சங்கீத மண்டபத்தின் இடதுபக்கக் கோட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். சங்கீதத்துக்காக இல்லை. சந்தையில் குளிர், மண்டபத்தில் கணப்பு, அவ்வளவுதான். கோட்டோடு யாரும் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினொன்றாவது. ஆகவே ஒவ்வொரு சாயங்காலமும் நானூறு கோட்டுகள் அவள் கைக்கு வந்தன. ஈரக் கம்பளி, நரித்தோல், அந்துருண்டை வாசனை. கூட வேலை பார்த்தவள் ரீஹா. அவளுக்கு ஸ்வரமும் தெரியாது, தெரியாததில் வருத்தமும் கிடையாது. பின்னல் ஊசியும் நூல்கண்டும் போதும்.

இந்த இடத்தில் கோட்டறையின் கால அட்டவணையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் போல்டிக்கு ஏன் பியானோ கான்செர்ட்டோ மட்டுமே தெரியும் என்பது புரியாது. கச்சேரியின் முதல் உருப்படி பத்து நிமிஷம். அப்போது தாமதமாக வந்தவர்கள் மூச்சிரைக்கக் கோட்டைக் கழற்றி வீசிக்கொண்டிருப்பார்கள். அதை அவள் கேட்டதே இல்லை. இடைவேளைக்குப் பிறகு பெரிய சிம்ஃபனி. அது பாதியைத் தாண்டியதும் கடைசி டிராமைப் பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவராக நழுவி வர ஆரம்பிப்பார்கள். அதையும் கேட்டதில்லை. நடுவில், இடைவேளைக்கு முன்னால், வெளியூரிலிருந்து வந்த ஒரு பியானோக்காரர் வாத்தியக் குழுவோடு கான்செர்ட்டோ வாசிக்க உட்காருவார். அந்த அரை மணி மட்டும் வருகிறவரும் இல்லை, போகிறவரும் இல்லை. உலகத்தில் எத்தனையோ சங்கீதம் இருக்கலாம். போல்டிக்கு வாய்த்தது அந்த அரை மணிதான்.

அதுவும் முழுதாக வாய்க்கவில்லை. கோட்டறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு ஓக் மரக் கதவு இருந்தது. அடிக்கிற சத்தம் அதைத் தாண்டி வரும். தொடுகிற சத்தம் வராது.

முதல் இரண்டு வருஷம் கான்செர்ட்டோ என்பது அவளுக்குக் குத்துச்சண்டை. அந்தப் பக்கம் எழுபது பேர், இந்தப் பக்கம் ஒருத்தர். சாய்கோவ்ஸ்கி வாசித்தால் பியானோக்காரர் கெலித்தார். க்ரீக் என்றால் சமன். மொத்சார்ட் வந்தால் அவளுக்கு எரிச்சலாக வரும். வாத்தியக் குழு ஏதோ முனகும், பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை, மறுபடி முனகும். வேலைக்கு வந்த ஆள் வேலை செய்யவில்லை என்று நினைத்தாள்.

எங்கள் ஊர்க் காலைப் பத்திரிகையில் அப்போது டாக்டர் க்ராத்தோக்வில் சங்கீத விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மண்டபத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையில் முதல் பாதியைக் கழித்துவிட்டு, இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கோட்டறைக்கு வருகிற வழக்கமுள்ளவர். ஒரு மாலை பேத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோ. அவர் கோட்டைக் கழற்றியபடியே கேட்டார்.

"எப்படிம்மா போச்சு?"

"என்னத்தப் போச்சு? நடுப்பகுதியில பாதி நேரம் அந்த ஆளு கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு. வயலின்காரங்க பாவம், கத்திக் கத்தி ஓஞ்சு போனாங்க. கேக்க ஆளில்ல. இவருக்கும் முழுச் சம்பளந்தானே?"

டாக்டர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மறுநாள் காலை ஊரே படித்தது: 'மௌனத்தை வாசிக்கத் துணிந்த ஒரே கலைஞர்.' அந்தப் பியானோக்காரருக்கு அதன்பின் எங்கே போனாலும் கூட்டம். அவரும் பிற்காலத்தில் நிஜமாகவே நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பித்ததாகக் கேள்வி. டாக்டர் மட்டும் அன்றிலிருந்து போல்டியைக் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. அவருக்குப் பேராசிரியர் பட்டம் கிடைத்தபோது அவளுக்கு ஒரு பெட்டி மர்சிப்பான் மிட்டாய் வந்தது. பிரித்திருந்தது.

1978இல் யாரோ ஒரு டபுள் பேஸ் வாத்தியக்காரர் தன் பெட்டியைக் கொண்டுபோய்க் கதவில் மோதினார். கீல் வளைந்தது. கதவு சரியாக மூடாமல் இரண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு விழுந்தது. தச்சருக்குச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் தச்சர் வருவதற்குள் போப்பாண்டவரே மாறிவிடுவார். அந்த வருஷம் இரண்டு தடவை மாறினார்கள். தச்சர் வரவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் மறுபடியும் பேத்தோவன் நான்கு. நடுப்பகுதி. வயலின்களும் மற்ற தந்தி வாத்தியங்களும் ஒரே குரலில் அதட்டின. அது அவளுக்கு மனப்பாடம். அடுத்து வர வேண்டிய ஒன்றுமில்லாததற்காகக் காத்திருந்தாள். இடுக்கு வழியாக, கோட்டுகளுக்கு நடுவே, பியானோ பேசியது. மெதுவாக. கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. வயலின்கள் மறுபடி அதட்டின. பியானோ மறுபடி, அதே மெதுவில். கொஞ்சம் கொஞ்சமாக அதட்டியவர்கள் குரல்தான் இறங்கிக்கொண்டே போயிற்று.

போல்டி கையிலிருந்த ஹேங்கரைத் தரையில் வீசினாள்.

"என்னடி, பல்லு வலியா?" என்றாள் ரீஹா.

"அவன் பதில் சொல்றான் ரீஹா!"

"எவன்?"

"பியானோக்காரன்! ஏழு வருஷமா பதில் சொல்லிக்கிட்டே இருந்திருக்கான். இந்தக் கதவு என்னைக் கேக்க விடல. அவன நான் சோம்பேறின்னு சொன்னேனே! அத அந்தக் கடன்கார டாக்டரு அச்சுல வேற போட்டாரே!"

"அதுக்கு என் நூல்கண்ட ஏன் எட்டி உதைக்கிற?"

அழகான ஒன்றைக் கேட்டதும் கண்ணில் நீர் வந்தது என்று எழுதுவது விமர்சகர்களுக்குச் சுலபம். போல்டிக்கு வந்தது ஆத்திரம். ஏமாற்றப்பட்டவளின் ஆத்திரம். அதோடு நிற்கவில்லை. அந்த நடுப்பகுதியில் தான் யார் என்று யோசித்துப் பார்த்தாள். சந்தையில் வளர்ந்தவள், வாயால் பிழைத்தவள், மெதுவாக ஒரு வார்த்தை பேசியறியாதவள். அவள் பியானோ இல்லை. கத்துகிற கூட்டம். அந்தக் கூட்டம் தோற்றுப்போவதை அவள் பத்து வருஷம் மன்னிக்கவில்லை. "நியாயம் அவங்க பக்கம் இருந்தா என்ன பண்ணுவே?" என்று ரீஹாவைக் கேட்பாள். யார் பக்கம் எது என்று ரீஹாவுக்குத் தெரியாது. "அப்போ கத்தத்தான் வேணும்" என்பாள்.

இடுக்கருகில் முக்காலி போட்டு உட்கார்ந்த பிறகு அவள் காது வேறாயிற்று. மொத்சார்ட்டில் நீண்ட நேரம் நடந்துகொண்டிருந்த 'ஒன்றுமில்லை' எல்லாம் இப்போது ஏதோ ஒன்றாக இருந்தது. வாத்தியக் குழு இரண்டு மூன்று நிமிஷம் பேசி முடித்த பிறகு பியானோ நுழைகிற அந்த நொடியை வைத்தே ஆளை எடை போட்டாள். சிலர் வரிசையில் இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். சிலர் வீட்டுக்குள் வருகிறவர்போல வந்தார்கள். சாய்கோவ்ஸ்கியை ஒருகாலத்தில் கொண்டாடியது நினைவுக்கு வந்தால் காது சிவந்தது. சில வருஷம் அவர் வாசிக்கப்பட்ட நாள்களில் முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பிறகு, பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல யாருக்குப் பயப்படுகிறேன் என்று தன்மேலேயே கோபம் வந்து, முக்காலியை மறுபடி திருப்பினாள். ப்ராம்ஸ் பிடிபட இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை அவர் ஈரம் காயாத கனத்த கோட்டு. அந்தத் தாமதத்துக்கு அவள் ப்ராம்ஸைத்தான் குறை சொன்னாள்.

வினை அவள் வாயாலேயே வந்தது. இடுக்கு இரண்டு பக்கமும் திறந்ததுதானே? மெதுவான பகுதிகளில் வெளியிலிருந்து ஒரு பெண்குரல் "அவசரப்படாதடா" என்றும் "ஆங், இப்போ வா" என்றும் சொல்வதாகப் பதினோராவது வரிசையிலிருந்து புகார் போயிற்று. ஹேங்கர்களின் கலகலப்பு வேறு. 1998 வசந்தத்தில் மண்டப நிர்வாகி சுவரில் அறிவிப்பு ஒட்டினார். கோடை விடுமுறையில் எல்லாக் கதவும் மாறும். இரட்டைக் கதவு, நடுவில் பஞ்சு, ஒலி புகாது.

நிர்வாகியின் பெயர் ஷ்டாங்கெல். பட்டம் அரசவை ஆலோசகர். அரசரும் இல்லை, அவையும் இல்லை, எண்பது வருஷமாயிற்று. ஆலோசகர்கள் மட்டும் குறையவில்லை. போல்டி அறிவிப்பைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"ஆலோசகரய்யா, இது என்ன?"

"கதவும்மா. புதுக் கதவு. நல்லதுதானே? உங்களுக்கும் இனிமே சத்தம் தொந்தரவு இருக்காது."

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோட்டறைக்காரி சங்கீதம் கேட்பாள் என்பது அவருடைய எந்தக் கோப்பிலும் இல்லை.

"கேக்கணும்னா சீட்டு வாங்கிக் கேக்கலாமே ஸாவ்ரெல் அம்மா?"

"என்னிக்கு? நீங்க கச்சேரி வைக்கிற அன்னிக்கெல்லாம் நான் உங்க கோட்டைத்தானே காவல் காத்துக்கிட்டு நிக்கிறேன்?"

நல்ல மனுஷர்தான். அங்கேதான் தொல்லை. இழுப்பறையைத் திறந்து அவரே ஒரு இலவசச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். மே மாதம், பதினாலாவது வரிசை, மொத்சார்ட், ஒரு நாள் விடுப்போடு.

போல்டி நீலப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். தன் கோட்டை ரீஹாவிடம் கொடுத்து டோக்கன் வாங்கினாள். ரீஹா "அம்மா, குடை இருக்குதா?" என்று அதிகாரியின் மனைவியிடம் கேட்பதுபோலக் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

உள்ளே இடுக்கு இல்லை. எல்லாமே வந்தது. இடது கை கீழே மிக மெதுவாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது. இருபது வருஷம் இடுக்கில் காதை வைத்தும் அது ஒருதரம்கூட வந்ததில்லை. குழலும் பியானோவும் ஒன்றின் வாக்கியத்தை மற்றது முடித்தன. போல்டியின் வலப்பக்கம் இருந்தவர் தூங்கினார். அந்த இருக்கை அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு. இடப்பக்கத்து அம்மாள் இருமல் மிட்டாயின் காகிதத்தை ஒவ்வொரு மில்லிமீட்டராகப் பிரித்தார். முடிகிற வரை பிரித்தார்.

இடைவேளையில் ஆலோசகர் படியருகே நின்றார். முகத்தில் தானம் செய்தவரின் வெளிச்சம்.

"எப்படி இருந்துது?"

"பாவி மனுஷா!" என்றாள் போல்டி. பக்கத்தில் இருந்தவர்களின் கையில் ஷாம்பெயின் தளும்பியது. "நான் பாதிக்கு மேல கேட்டாச்சுன்னு நெனச்சிருந்தேன். பாதிகூட இல்லன்னு இன்னிக்குக் காட்டிட்டீங்க. காட்டிட்டு, இருக்குற பாதியையும் பஞ்சு வெச்சு அடைக்கப் போறீங்க. ஒரு நாள் விருந்து போட்டுட்டு ஆயுசுக்கும் பட்டினி போடுறதுக்குப் பேரு என்ன, ஆலோசகரய்யா?"

ஆலோசகர் தளும்பிய ஷாம்பெயினைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.

மிச்சம் இருந்தது டாக்டர் க்ராத்தோக்வில். அவர் ஒரு பத்தி எழுதினால் நிர்வாகம் நடுங்கும். அடுத்த கச்சேரியில் அவர் வழக்கம்போல இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்தபோது போல்டி கோட்டை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டாக்டரய்யா, இந்தக் கதவப் பத்தி நீங்க எழுதணும். இந்த இடுக்கு இருக்கணும்னு."

"எழுதலாம்மா. ஆனா என்னன்னு எழுதுறது? கோட்டறையில ஒரு அம்மா கேக்குறாங்கன்னா?"

"ஆமா. அதானே நெசம்."

"அப்போ உங்களுக்குக் கேக்குறது எனக்கெப்படித் தெரியும்னு ஊரு கேக்குமே." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ரெண்டு பேருக்கும் சங்கடம். விடுங்க. சரி, இன்னிக்கு எப்படிப் போச்சு?"

"நீங்கதான் எதிர்ல இருந்து கேட்டீங்களே" என்றாள் போல்டி. மதுக்கடை எதிரில்தான் இருந்தது.

அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக டாக்டர் தன் சொந்தக் காதையும் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலையும் நம்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் பத்திரிகையில் அன்றைய பியானோக்காரரின் 'ஆண்மை மிக்க தொடுகையை' இருபது வரி புகழ்ந்திருந்தார். பியானோக்காரருக்கு முந்தின நாளே காய்ச்சல். அவருக்குப் பதில் வாசித்தவள் லின்ஸ் நகரத்திலிருந்து ரயிலில் வந்த ஒரு பெண். அதை மேடையில் அறிவித்தார்கள். துண்டுக் காகிதமாக அச்சடித்து வைத்திருந்தார்கள். அந்தக் காகிதக் கட்டு போல்டியின் மேஜைமேல்தான், டாக்டரின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. டாக்டர் உடல்நலம் கருதி ஓய்வு பெற்றார். கதவுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எழுதக்கூடிய ஒரே ஆளும் போய்விட்டார் என்பதுதான் மிச்சம். போல்டிக்கு அதிலும் கோபம்.

செப்டம்பரில் மண்டபம் திறந்தபோது கதவு இருந்தது. பளபளவென்று, இரட்டையாக, பிணவறைக் கதவு மாதிரி. முதல் கச்சேரி, ப்ராம்ஸ் இரண்டாவது. மழை. நானூறு ஈரக் கோட்டுகள். மணி அடித்தது, கதவு மூடியது, அதோடு உலகம் நின்றுபோயிற்று. ரீஹாவின் ஊசிகள் உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கு முன் அது கேட்டதே இல்லை.

தாமதமாக வந்தவர்கள் உள்ளே போய் முடிகிறவரை போல்டி காத்திருந்தாள். பிறகு ஒரு மர ஹேங்கரை எடுத்தாள், முதல் கதவைத் திறந்தாள், இரண்டாவதைத் திறந்தாள், இடையில் ஹேங்கரைச் செருகினாள். கொம்பு வாத்தியத்தின் ஒற்றைக் குரல் வெளியே வந்தது.

இரண்டு நிமிஷத்தில் ஆலோசகர் கால்விரல் நுனியில் ஓடி வந்தார்.

"எடுங்க அத!" என்று கிசுகிசுத்தார்.

"மாட்டேன்."

"ஸாவ்ரெல் அம்மா, இது வேலையை விட்டுப் போற விஷயம்."

"சரி, போறேன்." அவள் ஏப்ரனைக் கழற்றி மேஜைமேல் மடித்து வைத்தாள். "ரீஹா, கெளம்பு."

ரீஹா நூல்கண்டைப் பைக்குள் போட்டாள். அவளுக்கு ஸ்வரம் தெரியாது, ஆனால் தாளம் தெரியும்.

ஆலோசகர் அப்போதுதான் போல்டியின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வரிசை வரிசையாக நானூறு கோட்டு. முந்நூறு பச்சைக் கம்பளி, எல்லாம் ஒரே கடை, ஒரே வெட்டு. எதிலும் டோக்கன் இல்லை. பழைய சந்தாதாரர்களுக்கு டோக்கன் கொடுப்பது அவமரியாதை. அவர்கள் கவுண்டருக்கு வந்து நின்று முகத்தைக் காட்டுவார்கள், கோட்டு வரும். எந்த முகத்துக்கு எந்தக் கோட்டு என்பது இரண்டே இரண்டு தலைகளில் இருந்தது. இரண்டும் இப்போது தெருவுக்குப் போகத் தயாராக நின்றன.

எங்கள் ஊர்க்காரர்கள் மோசமான சங்கீதத்தைப் பொறுப்பார்கள். அரசாங்கம் கவிழ்ந்தாலும் பொறுப்பார்கள். கச்சேரி முடிந்து கோட்டுக்காக நாலு நிமிஷத்துக்கு மேல் நிற்க வைத்தால் ரத்தம் சிந்தும். ஆலோசகருக்கு அது தெரியும். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அரை மணிதானே?" என்றார்.

"நாப்பத்தெட்டு நிமிஷம். இதுல நாலு பகுதி."

"பேசாம கேப்பீங்களா?"

"அவன் ஒழுங்கா வாசிச்சா பேச மாட்டேன்."

ஆலோசகர் ஹேங்கரைப் பார்த்தார், கோட்டுகளைப் பார்த்தார், கால்விரல் நுனியிலேயே திரும்பிப் போனார். போல்டி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் சிவந்து மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பியானோக்காரர், பெரிய பெயர், தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தார். மெதுவான பகுதியில் செல்லோ பாடி முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் நுழைந்தார்.

"சீ! இந்தத் தடியனுக்காகவா நான் இவ்வளவு கத்தினேன்!"

"அப்போ ஹேங்கர எடுத்துரட்டுமா?" என்றாள் ரீஹா.

"கையை வெச்சுப் பாரு, தெரியும்" என்றாள் போல்டி. இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து காதை வைத்தாள்.